யாரும் நுழையாத வட்டம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஷெரினுக்கு, வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஜன்னல் கதவைத் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்து பக்கத்து வீட்டு முருங்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள்.

"ஏட்டி, ஒரு இடத்துல இரேன். உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது," என்றாள் ஃப்ரீடா, எண்ணெய்ச் சட்டியில் சீலா மீனைப் புரட்டிக்கொண்டே. ஷெரினின் அண்ணன் மனைவி அவள். தூத்துக்குடியில் அவள் சத்தம் கேட்காத தெரு ஒன்று உண்டென்றால், அந்தத் தெருவுக்கு அவள் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

"காத்து ஏறுது மதினி."

"ஏறட்டும். குழம்பு பொங்குது, அதைப் பாரு முதல்ல. உனக்கெல்லாம் மாப்பிள்ளை பாத்தா, பாக்க வந்த அன்னைக்கே அவனைக் கயித்துல கட்டிப் பறக்கவிட்டுப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவ."

"கயிறு தாங்குமான்னும் பாக்கணும்ல," என்று ஷெரின் அடுப்பைத் தணித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை விமானப் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரி வெள்ளிமணலுக்கு வருகிறார். அவர் போடும் ஒரு கையெழுத்துக்காக அவள் நான்கு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

வெள்ளிமணல் கடற்கரை ஊர். பின்னால் செம்மணல் மேடுகளான தேரி, முன்னால் கடல், நடுவில் நல்ல தண்ணீரே இல்லாத ஊர். கிணறுகள் உப்பாகி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருந்தது. ஆனால் அதற்குத் தீனி போட மின்சாரம் போதவில்லை. ஷெரின் வேலை பார்த்த நிறுவனம் அந்த ஆலைக்காகத்தான் தேரியின் நடுவில் ஒரு பட்டம் விட்டிருந்தது.

பட்டம் என்று ஊரில்தான் சொல்வார்கள். உண்மையில் அது ஒரு பேருந்து நீளத்துக்கு விரிந்த கார்பன் இழை இறக்கை. தரையில் இருக்கும் ஒரு பெரிய உருளையிலிருந்து விரல் பருமன் கயிற்றில் ஏறி, காற்றாலைகளுக்கு எட்டாத உயரத்தில், எப்போதும் வீசும் காற்றில் எட்டுப் போட்டுப் பறக்கும். அது இழுக்க இழுக்க உருளை சுற்றும், மின்சாரம் வரும். கயிறு தீர்ந்ததும் இறக்கையைச் சற்றுத் தளர்த்திச் சுருட்டிக்கொண்டு, மறுபடி ஏறவிடுவார்கள். மூச்சு விடுவதுபோல இரவும் பகலும் அது நடந்துகொண்டே இருக்கும்.

ஆணையத்துக்கு இறக்கையைவிடக் கயிறுதான் கவலை. அது கண்ணுக்குத் தெரியாது. காற்றில் சாய்ந்து எங்கே கிடக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் கயிறு முழுக்க ஆரஞ்சுக் கொடிகள் கட்ட வேண்டும் என்பது விதி. கொடி கட்டிய கயிற்றோடு பறப்பது சேலை கட்டிக்கொண்டு நீந்துவதற்குச் சமம். மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் அதிலேயே போய்விடும். ஷெரின் அந்தக் கொடிகளோடு இரண்டு வருஷம் சண்டை போட்டாள். கடைசியில் அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள்.

அந்த வழிக்குப் பெயர் கண்: கேமராக்களும் ஒலிவாங்கிகளும் சேர்ந்த ஒரு கருவி. பட்டத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டத்தில் எந்த விமானம் நுழைந்தாலும் அது பார்த்துவிடும், சத்தத்தைக் கேட்டும் அறிந்துவிடும். அடுத்த கணமே பட்டம் தானாகக் கீழே வந்துவிடும். ஆணையம் ஒரு வருஷச் சோதனைக்குச் சம்மதித்தது. கொடி வேண்டாம், கண் காவல் இருக்கட்டும். அந்த வருஷத்தில் ஒரு விமானம்கூட ஆபத்தில் சிக்கவில்லை என்றால் கொடி விதி நிரந்தரமாக நீங்கும். நாற்பது பட்டங்களுக்கு அனுமதி கிடைக்கும். கரை நெடுக ஊர்களுக்கு நாள் தவறாமல் தண்ணீர் வரும்.

வருஷம் முடிந்துவிட்டது. ஒரு சம்பவமும் இல்லை.

"ஒரு வருஷத்துல ஒத்தத் தடவைகூட அவசரமா இறக்கலையாமே?" என்று கேட்டாள் ஃப்ரீடா.

"ஆமா மதினி. நாங்களே சொல்லிவெச்சு ஒரு விமானத்தை வாடகைக்குப் பறக்கவிட்டோம்ல, அப்ப மட்டும்தான். அஞ்சு தடவையும் கண் சரியாப் பாத்துச்சு. மத்தபடி யாரும் உள்ளயே வரலை."

"எப்படி வருவாக? உங்க அண்ணன் ஒத்தப் பயலை அந்தப் பக்கம் விட்டாத்தானே."

ஷெரினின் கை கரண்டியோடு நின்றது. "என்ன சொல்லுதீக?"

ஃப்ரீடாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. மீனைத் தட்டில் எடுத்து வைத்தபடியே பெருமையாகச் சொன்னாள்: "தெற்க இருந்து ஆள் ஏத்திக்கிட்டு வரும்போது நேரா வந்தா உன் தேரி மேலதானே வரணும்? இவுக கடல் பக்கமா ஒரு சுத்துச் சுத்தித்தான் வாராக. ஹெலிகாப்டர் ஓட்டுற மத்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லிவெச்சிருக்காக. 'எப்பா, உள்ள போனா பட்டத்தை இறக்கிருவாக, தங்கச்சிக்குக் கெட்ட பேரு'ன்னு. ஆறேழு நிமிஷம்தானே, அதுல என்ன வந்துச்சுன்னு..." பேச்சு நடுவில் நின்றது. "ஏட்டி, ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?"

ஷெரின் அடுக்களை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் ரெக்ஸ் உயிர்காக்கும் ஹெலிகாப்டரின் விமானி. மாரடைப்பு, பிரசவம், கடலில் விபத்து என்று எந்த அழைப்பு வந்தாலும் கரையோர ஊர்களிலிருந்து ஆளைத் தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறவன். சோதனை தொடங்குவதற்கு முன் ஷெரின் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். மாதத்துக்குப் பத்துத் தடவையாவது ஹெலிகாப்டர் வட்டத்துக்குள் வரும் என்று அதில் வந்தது. பிறகு ஒன்றுகூட வராதபோது அவள் ஏன் என்று கேட்கவே இல்லை. மாதா கண் திறந்துவிட்டாள் என்று மெழுகுதிரி ஏற்றினாள். கேட்டிருந்தால் பதில் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்திருக்கும்.

வட்டம் பாதுகாப்பாக இருந்தது உண்மைதான். யாரும் நுழையாத வட்டம் வேறு எப்படி இருக்கும்?

ரெக்ஸ் வேலை முடிந்து வந்து கைகழுவும்போதே அவள் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கடல் சுத்தியா வாரே?"

அவன் மனைவியைப் பார்த்தான். ஃப்ரீடா அப்பளத்தை எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டாள்.

"சொல்லிட்டாளா? சரி, அதுக்கென்ன? உனக்காகத்தான் பிள்ள. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஆலை நின்னு போகும், திரும்ப ஓட நேரம் ஆகும், பொம்பளைங்க குடத்தை வெச்சுக்கிட்டு உன்னை ஏசுவாக. நான் பாத்திருக்கேன்ல."

"உன்னை நான் கேட்டேனா?"

"தங்கச்சி கேட்டாத்தான் அண்ணன் செய்யணுமா?"

"கண் நிசமா வேலை செய்யுதா இல்லையான்னு இப்ப எனக்கே தெரியாதுண்ணே. சொல்லிவெச்சுப் பறந்த விமானத்தைப் பாக்கிறது வேற. நீங்க பனை உசரத்துல திடீர்னு வாரதைப் பாக்கிறது வேற. நாப்பது பட்டம் வரப்போகுது. கரை முழுக்க. எங்க சுத்திப் போவீக அப்ப?"

ரெக்ஸ் துண்டால் கையைத் துடைத்தான். காய்ந்துவிட்ட பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அந்த ஆறேழு நிமிஷத்துல..." என்று ஷெரின் ஆரம்பித்தாள்.

"ஒருத்தரு," என்றான் அவன். "புன்னைத்துறைக்காரரு. நெஞ்சுவலி. அவரு வீட்டுலயே முடியுற கேசுதான், நீ வீணா மனசைப் போட்டு உழப்பாதன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆனா கடல் மேல வரும்போது அவரு என்கிட்டப் பேசிக்கிட்டுத்தான் வந்தாரு. வலை காயப்போட்டுட்டு வந்தேன், மழை வருமான்னு கேட்டாரு." அவன் நாற்காலியை இழுத்தான். "சோறு போடு ஃப்ரீடா. ஆறிப்போச்சு எல்லாம்."

அன்றைக்கு அந்த வீட்டில் முதல்முறையாக மீன் மிச்சமானது.

நிறுவனத்தின் இயக்குநர் வாசுதேவனிடம் திங்கட்கிழமை காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். அவர் நல்ல மனிதர். அதனால்தான் அவர் பேச்சை உதற அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீ பொய் சொல்ல வேண்டாம்மா. விதி என்ன கேக்குது? யாராவது ஆபத்துல மாட்டினாங்களான்னு கேக்குது. மாட்டலை. அதுக்கு மேல அவங்க கேக்காத கேள்விக்கு நாம ஏன் பதில் சொல்லணும்? வெள்ளிமணல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி. பக்கத்து ஊர்ல வாரத்துக்கு ஒரு தடவை. அதையும் யோசி."

யோசித்தாள். பகலெல்லாம் தேரியில் நடந்து நடந்து யோசித்தாள். தலைக்கு மேலே பட்டம் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. உருளை சுழலும் முனகல் காலடி மணலில்கூட அதிர்ந்தது. குடத்தோடு நிற்கும் பெண்களை நினைத்தாள். மழை வருமா என்று கேட்டவரை நினைத்தாள். இரண்டு பக்கமும் தண்ணீராகவே இருந்ததில் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

செவ்வாய்க்கிழமை வந்த அதிகாரியின் பெயர் நவநீதன். சென்னைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஊரின் நிலைமை தெரிந்தவர் என்பதால் தனக்கு வேண்டிய குடிநீரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆலை அலுவலகத்தில் ஊர்ப் பெண்கள் சுவரோரம் நெருக்கி நின்றார்கள். கைதட்டத் தயாராக வந்திருந்தார்கள்.

"வாழ்த்துகள்," என்று தொடங்கினார் நவநீதன். "ஒரு வருஷம், ஒரு சம்பவம்கூட இல்ல. இப்படி ஒரு சோதனையை நான் பார்த்ததில்ல."

"அதுதான் சார் பிரச்சினை," என்றாள் ஷெரின். "யாரும் வரலை. அதனாலதான் சம்பவம் இல்ல." எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் பெயரையும் சொன்னாள். சொல்லும்போது வாசுதேவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரோரம் ஒரு அம்மா சத்தமாகவே கேட்டாள்: "இந்தப் பொண்ணு நம்ம பக்கம்தானா, இல்ல அவுக பக்கமா?"

நவநீதன் வாசுதேவனைப் பார்த்துச் சொன்னார்: "எழுதியிருக்கிற விதிப்படி நான் இப்பவும் கையெழுத்துப் போடலாம். விதியை எழுதினவங்க, தாங்களா ஒதுங்கிப் போறவங்களை நினைக்கல. ஆனா காதுல விழுந்ததை விழலைன்னு என்னால வெச்சுக்க முடியாது." ஷெரின் பக்கம் திரும்பினார். "சொல்லாம வர்ற ஒரு ஹெலிகாப்டரை உங்க கண் பார்க்குதான்னு ஒரே ஒரு தடவை பார்ப்போம். எந்த நாள், எந்த நேரம்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. வட்டத்துக்குள்ள பாதி தூரம் வந்தும் பட்டம் இறங்கலைன்னா விமானி திரும்பிடணும். ஆனா கயிறு சாஞ்சு எங்க கிடக்கும்னு..."

"தெரியாது," என்றாள் ஷெரின். "கொடி இல்லாம அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப யார் பறப்பாங்க?"

அந்த இடம் தெரிந்த விமானிகள் மூன்றே பேர். அன்று சாயங்காலமே ரெக்ஸ் ஆணையத்துக்குப் போன் செய்து, தானே வருவதாகச் சொல்லிவிட்டான்.

ஷெரினுக்கு வந்த போன் ஃப்ரீடாவுடையது. "உனக்கு அண்ணன். எனக்குப் புருசன். ஞாபகம் இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத அந்த வாய் அதோடு மூடிக்கொண்டது. சோதனை நாளைச் சொல்லிவிடுவாளோ, குரலிலேயே காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று பயந்து, சோதனை முடியும்வரை போன் செய்யக் கூடாது என்று நவநீதன் ரெக்ஸோடு ஃப்ரீடாவையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதினியின் சத்தம் இல்லாத நாட்கள் எப்படி இருக்கும் என்று ஷெரினுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கட்டுப்பாட்டு அறை ஒரு தகரக் கொட்டகை. மேசையில் ஒரு திரை, கண் எதையாவது பார்த்தால் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும் ஒரு விளக்கு, பக்கத்தில் கையால் இறக்குவதற்கான சிவப்புப் பொத்தான். சோதனை முடியும்வரை அந்தப் பொத்தானை யாரும் தொடக் கூடாது. நவநீதன் ஒரு நாற்காலியைப் போட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அவருக்கு நாள் தெரியும். அவர் முகத்தில் அதைப் படிக்க முடியுமா என்று ஷெரின் பார்த்துப் பார்த்து அலுத்தாள். காலையில் அவர் அதிகமாகச் சிரித்தால் இன்றைக்குத்தான் என்று நினைத்தாள். சிரிக்காவிட்டால் நிச்சயம் இன்றைக்குத்தான் என்று நினைத்தாள்.

தூரத்தில் மீன் லாரி போனால் எழுந்து நின்றாள். யாரோ தையல் இயந்திரம் ஓட்டினால் வாசலுக்கு ஓடினாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு மறந்தாள்.

"உட்காருங்க. நீங்க நின்னா கண்ணுக்கு நல்லாத் தெரியப்போகுதா?" என்றார் நவநீதன் ஒருநாள்.

"உங்களுக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களா சார்?"

"ஒரு தம்பி. ரயில்வேல இருக்கான். தண்டவாளத்துல போறதால எனக்கு நிம்மதி." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்க இயந்திரத்து மேல நம்பிக்கை இல்லையா?"

"நான் செஞ்சது சார். அதுல என்னென்ன தப்பு வரலாம்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

தேரி மணலிலிருந்து மதியத்தில் எழும் அனல், கண்ணுக்குத் தெரியும் காட்சியைக் கலைத்துவிடும். பட்டத்தின் இரைச்சலும் பனங்காட்டின் சலசலப்பும் சேர்ந்து ஹெலிகாப்டரின் சத்தத்தை மறைத்துவிடலாம். வாடகை விமானம் வந்ததெல்லாம் அதிகாலையில், நல்ல உயரத்தில். அந்த வசதியை அன்றைக்கு அவளேதான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம். காற்று நன்றாக ஏறியிருந்தது. பட்டம் உச்சியில் இழுத்துக்கொண்டிருந்தது. கயிறு கடலை நோக்கிச் சாய்ந்திருந்தது என்பது உருளையின் கோணத்திலிருந்து ஷெரினுக்கு மட்டும் தெரிந்தது.

முதலில் அது சத்தமாகக் கேட்கவில்லை. நெஞ்சுக்கூட்டில் ஒரு தட்டலாகத்தான் வந்தது. சின்ன வயதிலிருந்து அண்ணன் மாடிப்படி ஏறி வரும் சத்தத்தை அவள் அடையாளம் கண்டுகொள்வாளே, அதுபோல. நவநீதனும் தலையை நிமிர்த்தினார். தெற்கே, பனைகளுக்குப் பின்னால், எங்கோ.

விளக்கு பச்சையாகவே இருந்தது.

தட்டல் வலுத்தது. பச்சை. அவள் திரையைப் பார்த்தாள். வட்டம் வெறுமையாக இருந்தது. "பாரு," என்று இயந்திரத்திடம் கெஞ்சினாள். "பாரேன், பாரேன்." பச்சை. கயிறு கடல் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அண்ணன் பழக்கத்தில் கடல் பக்கம்தான் திரும்புவான். அப்படித் திரும்பினால்...

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. கை பொத்தானில் இருந்தது.

உருளை அலறியது. உச்சியிலிருந்த இறக்கை மூக்கைக் கவிழ்த்துச் சரிந்து, தேரி மணலில் தூசி கிளப்பி இறங்கியது. ஆலை அடங்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. ஷெரின் பொத்தானிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மேசையோரத்து வயர்லெஸ் பேசியது.

"என்ன ஆச்சு? ஏன் பட்டம் கீழ வருது?" ரெக்ஸின் குரல். மூச்சு வாங்கியது. "நான் வட்டத்துக்குள்ள வரவே இல்லையே சார்."

நவநீதன் வயர்லெஸ்ஸை எடுத்தார். "வரவே இல்லையா?"

"எல்லைக்கு முன்னாடியே திரும்பிட்டேன். என்னால... முடியலை சார். மன்னிச்சிருங்க."

வெளியே உருளை குளிரும் டக் டக் சத்தம் கேட்டது. நுழையாத ஒன்றைக் கண் பார்க்கவில்லை. அதன் மேல் தப்பே இல்லை. நுழைந்திருந்தால் பார்த்திருக்குமா? யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் எதையும் நிரூபிக்கவில்லை, இந்த ஒரு வாரமும் நிரூபிக்கவில்லை.

ரெக்ஸ் ஊர் மைதானத்தில் இறங்கி, மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தான். தலைக்கவசத்தைக் கையில் வைத்திருந்தான். வேர்வையில் நனைந்து, தோற்றுப்போன பையனைப் போல வாசலில் நின்றான்.

"ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட," என்றான். "உனக்காகத்தான் சுத்தி வாரேன்னு சொன்னேன்ல. உங்க மதினிகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அது முதல் ஒண்ணு ரெண்டு தடவை. அப்புறம் பயம் பிள்ள. கொடியை எடுத்ததுக்கப்புறம் அந்தக் கயிறு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலை. பின்னாடி ஆளைக் கிடத்தியிருக்கேன். கண்ணாடிக்கு முன்னாடி வெறும் வானம்தான் தெரியுது, ஆனா அதுல ஒரு கயிறு இருக்குன்னு தெரியும். பயம்னு சொன்னா ஃப்ரீடா வேலைக்கே விடமாட்டா. தங்கச்சிக்காகன்னு சொன்னா பெருமைப்பட்டுக்குவா. மத்த ரெண்டு பேருக்கும் அதே கதைதான். நாங்க மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அதை வெளிய சொல்லிக்கிட்டதில்ல. உன் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டோம்."

ஷெரின் அவன் கையிலிருந்து தலைக்கவசத்தை வாங்கி மேசை மேல் வைத்தாள். திட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவன் உயிரோடு நின்றுகொண்டிருந்தான். "சாப்பிட்டியா?" என்றாள்.

நவநீதன் தொண்டையைச் செருமினார். "பரவாயில்ல. இதுக்கு வழி இருக்கு. இங்க உறவு இருக்கிறவங்க பறந்ததுதான் தப்பு. வடக்கேயிருந்து ஒரு விமானியை வரவழைக்கிறேன். இந்தக் கயிறைப் பத்தின பயமே இல்லாத ஆள். அடுத்த வாரமே முடிச்சுடலாம். அதுதான் சரியான சோதனை."

வாசுதேவனிடம் சொன்னால் துள்ளிக் குதிப்பார். நாற்பது பட்டம். நாள் தவறாமல் தண்ணீர். யாரோ ஒரு விமானி வருவான், அவள் முகம் பார்த்திராதவன். சத்தம் கேட்கும். விளக்கு பச்சையாக இருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

"அந்த ஆள் வந்தா நான் பொத்தானைத் தொடமாட்டேன் சார்," என்றாள் ஷெரின்.

"நல்லது. அதைத்தானே கேக்கிறேன்."

"தொடமாட்டேன்னு எனக்கே நிச்சயமாத் தெரியுது, அவர் எனக்கு அண்ணன் இல்லைல. அதுதான் பயமா இருக்கு." அவள் எழுந்தாள். "கொடியைத் திரும்பக் கட்டிடுதோம் சார். நீங்க உங்க விதியை அப்படியே வெச்சுக்கோங்க."

அந்த முடிவுக்காக வெள்ளிமணல் அவளைச் சும்மா விடவில்லை. வாசுதேவன் ஒரு மாதம் அவளோடு நேராகப் பேசவில்லை. நாற்பது பட்டங்கள், கொடியோடு கட்டுபடியாகாமல், பதினெட்டாகச் சுருங்கி, அதுவும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போயின. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை ஆனது. அவள் தெருவில் போனால் பெண்கள் குடத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்கள். "கொடி நட்ட மகராசி போறா," என்று ஒருத்தி சொன்னதற்கு மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

கொடி இருக்கும்போது கண் தேவையில்லை. விதியும் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் அவள் அதை அணைக்கவில்லை. ஓடட்டும் என்று விட்டுவைத்தாள்.

ஆவணி பிறந்து, காற்று தணியத் தொடங்கிய ஒரு மதியம். கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அந்தத் தட்டல் நெஞ்சில் கேட்டது. வாசலுக்கு வந்தாள். தெற்கிலிருந்து பனைகளின் தலையை உரசுவதுபோல ஹெலிகாப்டர் வந்தது. கடல் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தேரி மேலேயே வந்து, ஆரஞ்சுக் கொடிகளின் வரிசையைப் பார்த்து அளவாக விலகி, வடக்கே தூத்துக்குடியை நோக்கிப் போனது. உள்ளே யாரோ ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வட்டத்தின் இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரைக்கும், அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு அண்ணன் போயிருந்தான்.

பட்டம் இறங்காமல் மேலே எட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது. ஷெரின் கொட்டகைக்குள் திரும்பி ஓடினாள். திரையில் வட்டம், ஒன்று வந்துபோன தடம்கூட இல்லாமல், வெறுமையாக இருந்தது. விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.